மறுபடியும் பதினேழு வயது வந்தால் மெக்கானிக்கல் எடுப்பீர்களா?

டூல்ரூம்_கோவை:

பொறியியல் கலந்தாய்வு நெருங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற பலருடைய பிள்ளைகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறார்கள், டீ நேரத்தில் பேச்சு முழுக்க அதுதான். "உங்களுக்கு இப்ப மறுபடி சீட்டு எடுக்கச் சொன்னா மெக்கானிக்கல் எடுப்பீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார். நின்றபடி ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். வேறு வேறு வழியில் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள், நீங்களும் சொல்லுங்கள்.

நான் நுழைவுத் தேர்வு இருந்த காலத்து ஆள். கட் ஆஃப் 300-க்குக் கணக்குப் போடுவார்கள். கலந்தாய்வு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடக்கும். திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்கு முன்னால் இருக்கிறவர்கள் எடுக்க எடுக்க எண்ணிக்கை குறையும். நம் முறை வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் முடிவாகிவிடும். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸும் எலக்ட்ரானிக்ஸும் எடுத்தார்கள். நான் மெக்கானிக்கல் எடுத்தேன். அப்பா பவுண்டரியில் மோல்டர். வீட்டுப் பேச்சிலேயே காஸ்டிங், பேட்டர்ன், ரன்னர் எல்லாம் இருந்தது.

இன்றைக்குப் பிரஸ் டூல் செய்கிறேன். மோட்டார் ஸ்டாம்பிங், அதாவது மோட்டாருக்குள் அடுக்குகிற மெல்லிய தகடுகள், வெட்டுகிற டை. அரை மில்லிமீட்டர் சிலிக்கான் ஸ்டீல் தகடு, மேலிருந்து குத்தி வெட்டும் பஞ்ச்சுக்கும் கீழே இருக்கும் டைக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 மைக்ரான் இடைவெளி. அது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வெட்டிய தகட்டில் ஒரு ஓரம் மட்டும் பர், அதாவது கூரான பிசிறு, எழும்பும். அப்படிப்பட்ட தகடுகளை அடுக்கினால் பர் மேல்பூச்சைக் கிழித்துத் தகட்டுக்குத் தகடு தொட்டுக்கொள்ளும், மோட்டார் சூடாகும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த டூல்மேக்கர் அண்ணன் தகட்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார். "வடக்குப் பக்கம் ஒரு நூல் தள்ளியிருக்குது" என்பார். அப்புறம்தான் டயல் வைத்துப் பார்ப்போம். அவர் சொன்ன பக்கம்தான் முள் நகரும். அவர் ஐடிஐ ஃபிட்டர்.

என் பதில் இது: தொழிலை மாற்ற மாட்டேன். அதற்கு வந்த வழியை மாற்றுவேன். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக், மூன்று வருடம் டிப்ளமோ, அப்புறம் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. கை முதலில், கணக்கு பின்னால். நான்கு வருட பி.இ.யில் 25 எச்7 என்றால் 25 மில்லிமீட்டர் ஓட்டைக்கு அனுமதிக்கிற அளவு வித்தியாசம் பூஜ்யத்திலிருந்து கூட்டல் 21 மைக்ரான் வரை என்று அட்டவணை பார்த்து எழுதி மார்க் வாங்கினேன். அந்த 21 மைக்ரானுக்குள் ஓட்டை போடுவது என்றால் என்ன என்று வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊரில் இதை ரொம்ப முன்னாலேயே ஒருவர் சொல்லிவிட்டார். 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் பீளமேட்டில் உருவாகக் காரணமாக இருந்த ஜி.டி. நாயுடுதான். 1945-ல் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரிக்கு அவர் முதல்வர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். தொழில் படிப்புக்கு இத்தனை வருடம் வேண்டாம், குறைந்த காலத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, பொறுப்பை விட்டு விலகினார். அவர் கேட்டது இன்னும் நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஓஎம்ஆர்_மெயின்பிரேம்:

நானும் மெக்கானிக்கல்தான் அண்ணா. எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவோம். என் அனுபவம் உங்களுடையதற்கு நேர் எதிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசி வருடம் கல்லூரிக்கு வந்த கோர் கம்பெனிகளில், அதாவது படித்த பாடத்திலேயே வேலை தருகிற கம்பெனிகளில், பாதிக்கு மேல் அறிவிப்பிலேயே "ஆண்கள் மட்டும்" என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஷிப்டு, சட்டம் அனுமதிக்காது என்பார்கள். தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் பெண்களை இரவு ஷிப்டில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 66-ஆவது பிரிவு சொன்னது, உண்மைதான். ஆனால் இரவு வேலைக்கான அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லி, பாதுகாப்பு நிபந்தனைகளோடு வேலை கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. நாங்கள் நேர்காணலுக்குப் போனது அதற்குச் சில வருடங்கள் கழித்து. எதிரே உட்கார்ந்திருந்த யாருக்கும் அது தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

ஐடி கம்பெனி வந்தது, எழுத்துத் தேர்வு எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்ததும் மெயின்பிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் வேலையைக் கையில் கொடுத்தார்கள். கோபோல் (COBOL), ஜேசிஎல் என்று அதற்கான பழைய மொழிகள். எங்களோடு சேர்ந்தவர்களுக்கு ஜாவா கிடைத்தது, எனக்குப் பழைய பெட்டி கிடைத்தது என்று கூட இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் எல்லாம் ராத்திரி பேட்ச்சாக ஓடும். நடுவில் ஒரு ஜாப் விழும். நாங்கள் "சாக் செவன்" என்போம், எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். லட்சக்கணக்கான ரெக்கார்டில் எந்த ரெக்கார்டு, எந்த இடம் என்று டம்ப்பை, அதாவது ஜாப் விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததன் நகலை, விரித்து வைத்துக்கொண்டு ஆஃப்செட் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே காலை விடிவதற்குள் செக் அச்சாக வேண்டும், மருத்துவமனைக்குப் பணம் போக வேண்டும். நீங்கள் சொன்ன டூல்மேக்கர் அண்ணன் நகத்தால் தடவிப் பார்ப்பதைப் படித்ததும் எங்கள் பழைய லீட் ஞாபகம் வந்தது. டம்ப்பைத் திறப்பதற்கு முன்பே எந்த ஃபைலில் கோளாறு என்று சொல்லிவிடுவார்.

நான் மாற்ற நினைப்பது பாடத்தை அல்ல, அந்த நேர்காணல் அறையைத்தான். ஆனால் அதை மாற்றுவது என் கையில் இருக்கவில்லை. "நீ மறுபடி எதை எடுப்பாய்" என்ற கேள்வியை ஆண்களிடம் கேட்பதும் எங்களிடம் கேட்பதும் ஒன்றல்ல. எங்களில் பலருக்கு எடுக்கிற இடத்திலேயே கதவு மூடியிருந்தது.

லேட்டரல்_ஓசூர்:

டூல்ரூம் சார், மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் போக ஆசைப்படும் வழியில் வந்தவன் நான். பத்தாவது, அரசு பாலிடெக்னிக், டிப்ளமோ, சில வருடம் வேலை, அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டு. கை முதலில் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன மதிப்பு கொடுக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

முதல் வேலையில் நான் டிஇடி, டிப்ளமோ இன்ஜினியர் டிரெய்னி. எனக்குப் பக்கத்து மெஷினில் ஜிஇடி, அதாவது பி.இ. முடித்தவர். ஒரே லைன், ஒரே ஷிப்டு, ஒரே ரிஜெக்ஷன் ரிப்போர்ட். மெஷினின் ஃபானுக் கன்ட்ரோலில் ஆஃப்செட், அதாவது டூலின் அளவுத் திருத்தம், எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன். சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசம். ஓராண்டு முடிந்ததும் அவர் ஆபீசர் கிரேடு, நான் சூப்பர்வைசர் கிரேடு. கேன்டீனில்கூடத் தனித்தனி. கம்பெனி பெயர் வேண்டாம், ஓசூரில் அன்றைக்கு எங்கே போயிருந்தாலும் இதேதான்.

அப்புறம் லேட்டரல் என்ட்ரி. நேராக மூன்றாவது செமஸ்டரில் உட்கார வைப்பார்கள். அங்கே காத்திருப்பது எம் 3, மூன்றாவது கணக்குத் தாள். ஃபூரியர் தொடர், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். மற்றவர்கள் முதல் வருடத்தில் எம் 1, எம் 2 படித்துவிட்டு வந்திருப்பார்கள், டிப்ளமோகாரனுக்கு டிப்ளமோ கணக்கு மட்டும்தான். என்னோடு சேர்ந்த டிப்ளமோ பசங்களில் நிறையப் பேர் எம் 3 அரியரைக் கடைசி வருடம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். லேத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. வழி நல்ல வழிதான், ஆனால் நடுவில் பாலம் போடாமல் விட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் "டிப்ளமோ படி" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் மறுபடி பிறந்தால் பிளஸ் டூ படித்து நேராக பி.இ. போவேன். அப்பா எட்டாவது வரை படித்தவர், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டம் இல்லாமல் ஓர் ஆபீசர் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

அடங்கல்:

நான் பி.இ. மெக்கானிக்கல், இப்போது கிராம நிர்வாக அலுவலர். திருவண்ணாமலை மாவட்டம். 2018 பிப்ரவரியில் நடந்த குரூப் 4 தேர்வில்தான் விஏஓ பணியிடங்களையும் முதல் முறையாகச் சேர்த்தார்கள், அதில் வந்தேன்.

இந்த வேலைக்குத் தகுதி பத்தாம் வகுப்பு. எனவே என் கணக்கு வேறு. வேலை பிடித்திருக்கிறது, மாற்ற மாட்டேன். ஆனால் பி.இ.க்குச் செலவான பணத்தை அப்பா நிலத்தின் மேல் வாங்கினார். பதினேழு வயதுக்குத் திரும்பினால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்வேன், அந்தக் கடன் இருந்திருக்காது.

படித்தது முழுக்க வீணா என்றால் அப்படியும் இல்லை. நிலத்தின் எல்லை அளவுகள் போட்ட புலப்படத்தைக் கையில் எடுத்தால் எனக்கு உடனே பிடிபடும். அளவுக்கு அடிப்படைக் கோடான ஜி லைன், அதிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகள், மீட்டரில் எண்கள். இன்ஜினியரிங் டிராயிங் போட்டுப் பழகிய கண். வரப்புத் தகராறு என்று இரண்டு பேர் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். படத்தைத் தரையில் விரித்து, உங்கள் மூலைக்கல் இங்கே, அவர் கிணறு இங்கே என்று அளவோடு காட்டினால் பாதிச் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். முழுசாகத் தீர்ப்பது சர்வேயர் வேலை.

ஒரகடம்_நைட்ஷிப்ட்:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கோர் என்றால் நிலையானது என்று அப்பாக்கள் நினைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கியது, 2014-ல் மூடிவிட்டார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதைச் சுற்றி எத்தனை வெண்டர், எத்தனை வேன் டிரைவர், எத்தனை மெஸ் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐடியில் 2008-க்குப் பிறகு ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த பசங்களையும் பார்த்திருக்கிறோம். ஆக, பயப்பட வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது.

நான் மாறுவேனா? மாட்டேன். பெயின்ட் ஷாப்பில் ஆரம்பித்து இப்போது மெயின்டனன்ஸ். ராத்திரி மூன்று மணிக்கு நின்றுபோன கன்வேயர் மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே இருக்கலாம். உடம்புக்கு நைட் ஷிப்டு நல்லதில்லை, அது தனிக் கதை.

டூல்ரூம்_கோவை:

ஓசூர் தம்பி சொன்ன எம் 3 விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்களிடம் வருகிற லேட்டரல் பசங்களும் இதையேதான் சொல்கிறார்கள். டிஇடி, ஜிஇடி பிரிவினை எங்கள் கம்பெனியிலும் இருந்தது. இப்போது டூல்ரூமுக்குள் மட்டும் மாற்றியிருக்கிறோம். பி.இ.யோ டிப்ளமோவோ, யார் வந்தாலும் முதல் ஆறு மாதம் ஃபிட்டிங் பெஞ்சும் சர்ஃபேஸ் கிரைண்டரும்தான். அதன் பிறகு டிரையலில் யார் டை சுத்தமாக வெட்டுகிறதோ அவருக்கு அடுத்த டை. சம்பள கிரேடு ஹெச்ஆர் கையில் இருக்கிறது, அங்கே இன்னும் நான் முட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனாலும் நான் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் ஃபானுக்கில் ஆஃப்செட் கொடுக்கக் கற்றுக்கொடுத்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் நான் அந்த ஜிஇடியாக இருந்தவன். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். உங்களுக்குப் பட்டம் தாமதமாக வந்தது, எனக்குக் கை தாமதமாக வந்தது. இரண்டில் எது பெரிய இழப்பு என்றால், சமூகத்தில் உங்களுடையது, மெஷின் முன்னால் என்னுடையது. அந்தச் சமூகம் உங்களுக்குச் செய்ததை நான் சிறிதாகச் சொல்லவில்லை.

மெயின்பிரேம் தங்கை எழுதியதற்குத் தனியாக ஒன்று. எங்கள் டூல்ரூமில் மின்சாரம் பாயும் கம்பியால் உலோகத்தை வெட்டுகிற வயர்கட் மெஷினை இப்போது ஓட்டுவது இரண்டு பெண்கள், டிப்ளமோ முடித்தவர்கள். உங்கள் காலத்தில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆசிரியை_உடுமலை:

எல்லோரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்த தலைமுறை. பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். 2012-ல் தகுதித் தேர்வு வந்தது. முதல் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை, அக்டோபரில் மறுபடி வைத்தார்கள். நான் தனியார் பள்ளியிலேயே தங்கிவிட்டேன். வேறு வேலைக்குப் போயிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. முதல் வகுப்புக் குழந்தை தன் பெயரைத் தானே எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பார்வை ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறது. சம்பளம் மட்டும்தான் குறை, அது பெரிய குறை.

கேட்க வந்தது மகனுக்காக. இப்போதைய 200-க்கான கணக்கில் கட் ஆஃப் 170-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்கிறான். அவன் மாமா, சித்தப்பா எல்லோரும் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் போடு, மெக்கானிக்கல் செத்துப்போன பிராஞ்ச் என்கிறார்கள். இப்போது ஆன்லைனில் விருப்பப் பட்டியல் போட வேண்டும். நீங்கள் எல்லோரும் அந்த வழியாகப் போனவர்கள், சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_மெயின்பிரேம்:

அக்கா, ஏன் மெக்கானிக்கல் என்று அவனைக் கேட்டீர்களா? பைக் பிடிக்கும் என்பதற்காக என்றால் யோசிக்க வேண்டும். பொருளைப் பிரித்துப் பார்த்து மறுபடி கோக்கிற பையன் என்றால் விட்டுவிடுங்கள். ஏஐ என்று பெயர் போட்ட பிராஞ்ச் எல்லாம் ஒன்றல்ல. சில கல்லூரிகளில் அதை நடத்த ஆளே இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்களே அதையும் பார்த்துக்கொள்கிறார்கள். நிரல் எழுதுவதில் எளிய வேலைகளைக் கருவிகளே செய்ய ஆரம்பித்துவிட்டன, புதிதாக வருபவர்களுக்கு எங்கள் பக்கமும் முன்பு மாதிரி இல்லை.

லேட்டரல்_ஓசூர்:

பிராஞ்சை விடக் கல்லூரியைப் பாருங்கள் அக்கா. அந்த பிராஞ்சுக்கு என்பிஏ, அதாவது படிப்பின் தரம் பார்த்துக் கொடுக்கிற, அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரிக்கு இருப்பதும் பிராஞ்சுக்கு இருப்பதும் வேறு. நேரில் போய் ஒர்க் ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். லேத்தின் பெட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் தரையில் சுருள் சுருளாகச் சிப்ஸும் இருந்தால் ஓடுகிறது. பளபளவென்று பெயின்ட் அடித்து மேலே துணி மூடியிருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

பட்டியலில் நிறையப் போடுங்கள், உண்மையில் விரும்பும் வரிசையில் போடுங்கள். கிடைக்காது என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை ஏற்றுக்கொண்டே மேலே இருக்கும் விருப்பத்துக்குக் காத்திருக்கிற வாய்ப்பு உண்டு, அதைக் கவனமாகப் படித்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு தனி.

ஆசிரியை_உடுமலை:

அரசுப் பள்ளி இல்லை தம்பி, நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படித்தான். மிக்ஸி, ஃபேன் எதையும் விட்டுவைக்க மாட்டான். பிரித்ததைத் திரும்பக் கோத்தும் விடுவான்.

ஒரகடம்_நைட்ஷிப்ட்:

அப்புறம் என்ன கேள்வி அக்கா!

டூல்ரூம்_கோவை:

செத்துப்போன பிராஞ்ச் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மின்சார வண்டி வந்தால் இன்ஜின் பாகம் செய்கிறவர்களுக்குச் சிரமம்தான், மறைக்கவில்லை. பிஸ்டன், வால்வு, சைலன்சர் வேலை குறையும். ஆனால் அந்த வண்டியிலும் மோட்டார் இருக்கிறது, மோட்டாருக்குள் தகடு இருக்கிறது. பம்ப் மோட்டாருக்கு அரை மில்லி என்றால் இதற்கு 0.35, அதற்கும் கீழே. தகடு மெலிய மெலிய டை இடைவெளியும் குறையும், வேலை இன்னும் நுணுக்கமாகும். அதைச் செய்ய ஆள் கிடைக்காமல் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடம் ஐடிக்குப் போன நண்பர்கள் அவனை விட நன்றாகச் சம்பாதிப்பார்கள். வீட்டில் அந்த வருடங்களைத் தாங்க முடியுமா என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால் அடங்கல் தம்பி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

உடுமலையிலிருந்து கோவை பக்கம்தான். பட்டியல் போடுவதற்கு முன்னால் பையனை ஒரு நாள் கூட்டி வாருங்கள், டூல்ரூமைச் சுற்றிக் காட்டுகிறேன். தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் டிரையல் பிரஸ் ஓடும், வெட்டி வருகிற தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். செருப்பு போட்டு வந்தால் உள்ளே விட மாட்டார்கள், ஷூ வேண்டும்.

ஆசிரியை_உடுமலை:

ரொம்ப நன்றிங்க. சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான், அன்றைக்கு வரலாமா? அந்த டூல்மேக்கர் அண்ணன் இருப்பாரா என்று பையன் கேட்கச் சொல்கிறான்.

டூல்ரூம்_கோவை:

தாராளமாக வாருங்கள். அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனால் சிக்கலான டை டிரையலுக்கு வரும் நாளில் கூப்பிட்டால் வந்துவிடுவார். சனிக்கிழமைக்குச் சொல்லி வைக்கிறேன்.